நாம் என்றால் எத்தனை பேர்

"அப்பா, 'நாம'ன்னா அதுல நானும் உண்டா?"

இதழினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வாய் நிறைய தயிர்ச்சோறு. நாம், நாங்கள் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றைக்குத்தான் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"உண்டும்மா" என்றான் தவசிக்கனி.

"'நாம கடைக்குப் போறோம்'னு நீங்க சொன்னா நானும் வரலாம். 'நாங்க கடைக்குப் போறோம்'னு சொன்னா நான் வீட்டுலயே கெடக்கணும். அப்படித்தானே?"

"அதேதான்."

"அப்ப அம்மா இனிமே 'நாங்க போயிட்டு வாறோம்'னு சொல்லக் கூடாது. அது என்னைய ஏமாத்துறது."

அடுக்களையிலிருந்து பொன்மலரின் குரல் வந்தது. "இலக்கணம் படிக்க அனுப்பினா வக்கீலாயிட்டு வந்து நிக்காளே!"

தவசி சிரித்துக்கொண்டே அடுத்த வாய்ச் சோற்றைக் கரண்டியால் எடுத்து மகளுக்கு ஊட்டினான். ஏன் கரண்டி என்று அவள் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அப்பாவின் வலது கை தன்மேல் படுவதே இல்லை என்பதைக் குழந்தை கவனித்திருந்தாளோ என்னவோ. பொன்மலர் கவனித்திருந்தாள். கேட்கத்தான் அவளுக்குத் துணிவில்லை.

தவசிக்கனி கடற்சிறப்புப் படையில் ஹவில்தார். தலையை முழுக்க மூடும் கவசமும் முதுகில் பெட்டியுமாகத் தண்ணீரிலிருந்து கரையேறும் அவர்களைக் கரையோரத்துப் பிள்ளைகள் ஆமைப்படை என்று கேலி செய்வார்கள். கேலிக்குத்தான் ஆமை. அவர்களுக்கு இணையான படை அப்போது நாட்டில் இல்லை. அந்தக் கவசத்துக்குள் இருந்த 'இணைப்பு'தான் அதற்குக் காரணம். இணைப்பைப் போட்டுவிட்டால் எட்டுப் பேரின் மனமும் ஒரே மனமாகிவிடும். ஒருவன் கண்டதை எல்லோரும் காண்பார்கள். ஒருவன் காலில் முள் குத்தினால் எட்டுப் பேரும் முகம் சுளிப்பார்கள். நான் என்கிற எண்ணமே எழாது. இணைப்பு அறுந்த பிறகு நடந்ததெல்லாம் அவரவர் தாமே செய்ததாக நினைவில் தங்கிவிடும். அதைத் துடைக்க எந்த மருத்துவராலும் முடியவில்லை.

சென்ற வருஷம் சிப்பிமேட்டில் அதுதான் நடந்தது. கடல் விழுங்கிய ஊர்களின் மக்கள் மிதவைகளைச் சேர்த்துக் கட்டி வாழ்ந்த குடியிருப்பு அது. அங்கே ஆயுதம் பதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஆமைப்படை ஏறியது. கடலுக்குப் போனவர்களுக்கு வழிகாட்டும் விளக்கை ஏற்றுவதற்காகக் கஸ்பார் என்ற மனிதர் வெளியே வந்து கையை உயர்த்தினார். கையில் இருந்தது அடுப்பு பற்றவைக்கும் லைட்டர். சின்னத் துப்பாக்கி போன்ற வடிவம். டக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடியில் கஸ்பார் விழுந்தார். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு குண்டு. ஆனால் எட்டுப் பேருக்கும் தங்கள் வலது கை ஆள்காட்டி விரல் மடங்கியது நினைவிருந்தது. எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் கரண்டியால்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள்.

*

விசாரணை மன்றம் தூத்துக்குடியில் ஒரு பழைய புயல் காப்பகத்தில் கூடியது. வடக்கிலிருந்து வந்த மூன்று நீதிபதிகளுக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் காதில் பொருத்திய சின்ன இயந்திரம் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னது. விசாரணை அதிகாரி மேஜர் ரெஜினா மட்டும் தமிழ்ப் பெண்.

முதலில் கஸ்பாரின் மனைவி ஜெபமாலை வந்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?" என்றார் ரெஜினா.

"என்ன நடந்துச்சு, சண்டைதான் நடந்துச்சு. மத்தியானம் எங்க வீட்டுக்காரவ மழையில தொப்பலா நனைஞ்சுகிட்டு வந்து நிக்காவ. குடை எங்கன்னு கேட்டேன். யாரோ வெளியூர்ப் பையன் பாலத்துல நனைஞ்சுகிட்டு நின்னானாம், குடுத்துட்டேன்னாவ. வீட்டுல இருந்ததே ஒரு குடைதான். கம்பி ஒடிஞ்சு, நீல வலைக்கயிறு போட்டு நானே கட்டி வச்சிருந்தேன். உமக்குப் புத்தி இருக்கா, ஊரு பேரு தெரியாதவன் கொண்டாந்து தருவானான்னு வைதேன்." அவள் சற்று நிறுத்தினாள். "'நல்ல புள்ள, கொண்டாந்து தருவான், பாரேன்'னாவ. நான் பேச்ச நிறுத்திட்டேன். சாயந்திரம் வெளக்கு ஏத்தப் போகையில 'ஏளா, லைட்டர எடு'ன்னாவ. எடுத்துக் கையில குடுத்தேன். வாயத் தொறக்கல. ஒரு குடைக்காகப் பேசாம இருந்துட்டேன்யா."

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தவசி தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

அந்த வெளியூர்ப் பையன் அவன்தான். இடத்தை நோட்டம் பார்க்க லுங்கியும் சட்டையுமாக அனுப்பப்பட்டிருந்தான். "நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா ஆணியில மாட்டிட்டுப் போங்க தம்பி, வாசல்ல ஒரு ஆணி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். குடை இப்போதும் தவசியின் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

அடுத்து அவனையே கூப்பிட்டார்கள். நடு நாற்காலியில் இருந்த நீதிபதி கேட்டதை இயந்திரம் தமிழில் சொன்னது: லைட்டரைத் துப்பாக்கி என்று முதலில் நினைத்தது யார்?

தவசி பதிலைத் தேடுபவன்போல நிமிர்ந்தான். கடைசி வரிசையில் படையின் தலைவர் கர்னல் வேதமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இருவர் கண்களும் சந்தித்தன.

"யாருன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா. நாம எல்லாரும்தான் நினைச்சோம். நாம சுட்டோம்."

இயந்திரம் அதை மாற்றிச் சொல்லியது. அந்த மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல். நீதிபதிகள் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். மேஜர் ரெஜினா மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவன் பார்வை போன திசையில் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

*

தேநீர் இடைவேளையில் அவர் இரண்டு கிளாஸ்களோடு வராந்தாவுக்கு வந்தார்.

"எந்த ஊரு ஹவில்தார்?"

"உடன்குடி மேடம்."

"எனக்குத் திசையன்விளை. அதான் காதுல விழுந்துட்டு." ஒரு கிளாஸை அவனிடம் நீட்டினார். "நாங்கன்னு சொல்லியிருந்தா உங்க எட்டுப் பேரு. நாமன்னு சொன்னீங்க. அதுவும் கர்னலைப் பார்த்துகிட்டு."

தவசி கிளாஸை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"வாய் தவறியிருக்கலாம்" என்றார் ரெஜினா. "எங்க அம்மா ஆத்திரத்துல பேசும்போது ரெண்டையும் குழப்புவா. நாளைக்குக் காலையில உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பேன். நாமவா, நாங்கவான்னு. நாங்கன்னு சொன்னீங்கன்னா கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது."

"நாமன்னா மேடம்?"

"சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆணை போடுறவங்க இணைப்புக்குள்ள வரவே கூடாது. வெளிய நின்னு வாயால சொல்லணும். ஏன்னா வாயால சொன்னா நீங்க ஒருத்தராவது 'வேண்டாம் சார்'னு சொல்லலாம். உள்ளயே வந்துட்டா அவரு பயமும் உங்க பயம், அவரு அவசரமும் உங்க அவசரம். வேண்டாம்னு சொல்ல அங்க யாரு மிச்சம் இருக்கா?" அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "எட்டுப் பேருன்னா இது கூட்டுச் செயல். யாருக்கும் தண்டனை இல்ல. யாரு துப்பாக்கின்னு சோதிக்கவும் கூடாது. ஒன்பதாவதா ஒருத்தர் இருந்தாருன்னா அந்தப் பாதுகாப்பு போயிடும். குண்டு எந்தத் துப்பாக்கியில இருந்து வந்துச்சுன்னு பார்த்துருவாங்க. அது உங்களோடதாவும் இருக்கலாம். எனக்கு உங்களை மாட்டிவிட ஆசை இல்ல ஹவில்தார். அதையும் சேர்த்து யோசிச்சுட்டு வாங்க."

அவர் போன கையோடு காதர் வந்தான். எட்டில் ஒருவன். பயிற்சி முகாமில் பக்கத்துக் கட்டில்.

"என்னல மாப்ள, வாயில என்ன வச்சிருந்த?"

"உனக்கும் கேட்டுச்சா?"

"ஏழு பேருக்கும் கேட்டுச்சு. ஏழு பேருக்கும் தெரியும். அந்த ஜவ்வாது வாசனை எனக்கு மட்டும் அடிக்கலன்னா நினைச்ச?" காதரின் குரல் இறங்கியது. "ஒரு எழுத்துதாம்ல. 'ங்க'ன்னு சொல்லிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்."

"போய்?"

"போயி... போயி என்ன, கரண்டியால சோறு ஊட்டுவோம்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான் காதர். சிரிப்பு வரவில்லை.

கர்னல் வேதமூர்த்தி மாலையில் வண்டி ஏறும்போதுதான் பேசினார். எப்போதும்போல் சட்டையில் ஜவ்வாது மணம். எப்போதும்போல் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?"

"ஆச்சு சார். இடுப்பு வலி எப்படி இருக்கு?"

"உன்னை இன்னும் இறக்கி வைக்கலியே தவசி."

அது அவர்களுக்குள் பழைய வேடிக்கை. ஒரு தடவை தொடை கிழிந்து கிடந்த தவசியை, அலையாத்திக் காட்டுச் சேற்றில் விடிய விடிய முதுகில் சுமந்து வந்தவர் அவர். அன்று பிடித்த இடுப்பு வலி. வேறெதுவும் அவர் கேட்கவில்லை. காப்பாற்று என்று கேட்டிருந்தால்கூடத் தவசிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

*

அன்று சாயங்காலம் தவசி பீரோவை நகர்த்திக் குடையை எடுத்துத் துடைத்தான். இதழினி வந்து நீலக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு குடைப்பா?"

"ஒருத்தரோடது."

"திருப்பிக் கொடுக்கலையா?"

"இன்னும் இல்லம்மா."

"டீச்சர்னா திட்டியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பொன்மலர் சாமி விளக்கை ஏற்றினாள். தவசி கண்களை மூடி நின்றான். ஆனால் அந்த நொடிதான் வந்து நின்றது. கஸ்பார் கையை உயர்த்துகிறார். தவசியின் மனம் சொல்கிறது: இவர் குடை கொடுத்தவர். அவ்வளவுதான், ஒரு சின்ன ஞாபகம். அதன்மேல் ஜவ்வாது மணத்தோடு வேறொரு ஞாபகம் வந்து கவிகிறது. ஏதோ ஒரு பாலம். கையை உயர்த்தும் ஓர் இளைஞன். சுடத் தயங்கியதால் செத்துக் கிடக்கும் ஜவான்கள். எட்டுப் பேரில் எவரும் அந்தப் பாலத்தைக் கண்டதில்லை. கண்டவர் ஒருவர்தான். தாங்க முடியாத அந்தப் பயத்துக்குள் ஒரு குடையின் ஞாபகம் எடுபடவில்லை.

ஆண்டவனே, என்னைச் சுமந்தவருக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். விளக்கு நின்று எரிந்தது. தன்னைச் சுமந்தவரின் முதுகில் இன்னும் தான் மட்டுமா இருக்கிறோம், கஸ்பாரும் அல்லவா இருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றியது.

*

காலையில் ரெஜினா கேட்டார். "நேத்து நீங்க சொன்னது நாமவா, நாங்கவா?"

நீதிபதிகளின் காதில் இயந்திரம் தடுமாறியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஜினா அவர்களுக்கு விளக்கினார். கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ஒன்று, விட்டுவிட்டுச் சொல்வது இன்னொன்று. எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"நாமதான் மேடம்" என்றான் தவசி. "வாய் தவறல. உள்ளே ஒன்பது பேர் இருந்தோம். செத்துப் போனவரை எனக்கு முன்னாடியே தெரியும். நல்ல மனுஷன். அதை அந்த நேரத்துல என்னால சொல்ல முடியல. எல்லாத் துப்பாக்கியையும் சோதிங்க. என்னோடதை முதல்ல எடுங்க."

காதர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். கர்னல் எழுந்து நின்றார்.

"ஹவில்தார் சொல்றது உண்மை" என்றார். "நாமதான். இதுக்கு முன்னாடி ஒரு பாலத்துல என் பசங்களைத் தனியா அனுப்பிட்டுக் கரையில நின்னேன். யாரும் திரும்பி வரல. இவங்களையும் அப்படி அனுப்ப மனசு வரல. கூடப் போனா காப்பாத்தலாம்னு நினைச்சேன். என் பயத்தையும் கூட்டிக்கிட்டுப் போனேன்னு தெரியல. ஒரு வருஷமா இவங்க யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கல. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஜெபமாலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, பேசி முடித்து நின்ற அந்த மனிதரிடம் கொடுக்கும்படி காவலரிடம் நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். குண்டு தவசிக்கனியின் துப்பாக்கியிலிருந்து போயிருந்தது.

முடிவைக் கேட்டபோது அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். இந்தக் கைதான். பயந்த பயம் அவனுடையதல்ல, கை அவனுடையது. இவ்வளவு நாள் எட்டுக் கையாக இருந்தது இப்போது ஒரு கையாகிவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தான். மூச்சுதான் நீளமாக வந்தது.

தண்டனை அறிவித்த மறுநாள் காதர் பார்க்க வந்தான். சாட்சி சொன்ன நாளிலிருந்து அவன் தவசியோடு பேசியிருக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"உன்மேல கோவமாத்தான்ல இருந்தேன்" என்றான். "சோதனை முடிவு தெரிஞ்ச அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். மவன் தலைக்கு எண்ணெய் தேச்சுவிட்டேன் மாப்ள. என் கையால. 'என்ன வாப்பா, கை இவ்வளவு சொரசொரன்னு இருக்கு'ங்கான்." கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். ஏழு பேர் வீட்டிலும் அன்று ஏதோ ஒன்று அப்படித்தான் நடந்தது.

கர்னலுக்கு அவனைவிடப் பெரிய தண்டனை. வேறு சிறைக்கு அவரைக் கொண்டுபோன அன்று வராந்தாவில் எதிரும் புதிருமாக இருவரும் கடந்தார்கள். காவலர்கள் நிற்க விடவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு சார். இடுப்பு?"

"இப்பக் கொஞ்சம் குறைஞ்சிருக்குடா" என்றார் அவர் திரும்பிப் பார்த்தபடியே. "இறக்கி வெச்சுட்டேன்ல."

*

தவசி வெளியே வந்தபோது இதழினி அவன் தோள்வரை வளர்ந்திருந்தாள். ஊட்டிக்கொள்ளும் வயதில்லை. ஆனாலும் அன்று தட்டை அவன் முன்னால் தள்ளி வாயைத் திறந்து காட்டினாள். அவன் வெறும் கையால் பிசைந்து ஓர் உருண்டை ஊட்டினான். பொன்மலர் ஏதோ வேலை இருப்பதுபோல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பீரோவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தான்.

"எங்கப்பா போறீங்க? நாம போவோமா?"

"இல்லம்மா. இதுக்கு நான் மட்டும்தான் போகணும்."

நான் என்ற சொல் வாயிலிருந்து எத்தனை இயல்பாக வந்தது என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டான்.

சிப்பிமேட்டில் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். கடைசி மிதவையிலிருந்த மாதா கோவிலில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. வீடுகளின் வாசல்களில் வலைகள் காய்ந்தன. ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. ஜெபமாலையின் வாசலில் அந்த ஆணி இருந்தது. துரு ஏறி, எதுவும் மாட்டப்படாமல் இருந்தது. பக்கத்திலேயே விளக்கு. கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. திரியைப் பார்த்தால் நேற்றும் எரிந்தது தெரிந்தது.

தவசி குடையை ஆணியில் மாட்டினான். நீலக் கயிறு கட்டிய கம்பி வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தான். கதவைப் பார்த்துக் கைகூப்பினான். நல்ல புள்ள, கொண்டாந்து தருவான், பாரேன் என்று ஒருவர் இந்த வாசலில் நின்று சொல்லியிருந்தார். மனைவி நம்பவில்லை. அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றிருந்தது. இனி அவர் சொன்னதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும். யார் வந்தது என்று தெரிய வேண்டியதில்லை.

கோவில் மணி அடித்தது. அவன் விறுவிறுவென்று நடந்தான். பாலத்தின் நடுவில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், மழை பிடித்துக்கொண்டது. தவசி நிற்கவில்லை. தோளில் கிடந்த துண்டையும் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனான்.